மச்சு அறையின் ஜன்னல்

பேய்களை எழுதிப் பேர் வாங்கியவள் நான். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு நான் தறிக்காரர் வீட்டம்மா. வீட்டின் முன்பாதியில் விசைத்தறிகள் ஓடுகின்றன, பின்பாதியில் நாங்கள் இருக்கிறோம். காலையில் நூல்கட்டு இறக்குவேன், ஆட்களுக்கு டீ போடுவேன், வேலைக்கு ஆள் வராத நாளில் நானே தறிமுன் நிற்பேன். மிச்ச நேரத்தில் அடுப்படிக்குப் பின்னால் போட்ட மேசையில் உட்கார்ந்து, இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனைகளில் செத்தவர்களை நடமாட விடுவேன். அமானுஷ்யச் சரித்திர நாவல் என்று பதிப்பகத்தார் அட்டையில் போடுவார்கள். என் வீட்டுக்காரர் அதை 'ராசா காலத்துப் பேய்க்கதை' என்பார். அவர் சொல்வதுதான் சரி.

பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சங்கரன்கோவில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே ஒரு அலமாரியில் சரித்திர நாவல்கள், இன்னொன்றில் பேய்க்கதைகள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். சரித்திர நாவல்களில் ராணிகளுக்கு வியர்க்கவே வியர்க்காது. பேய்க்கதைகளில் எப்போதும் பனி மூடியிருக்கும். நான் பனிமூட்டத்தைப் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் வைகாசி வெயிலில் தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். பேய் என்று பெரியவர்கள் பயமுறுத்தியது எல்லாம் உச்சி வேளையைத்தான். பன்னிரண்டு மணிக்குப் புளியமரத்துப் பக்கம் போகாதே என்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத தெரு, வெள்ளை வெளேர் என்று வெயில், ஒரு நாய்கூடக் குரைக்காது. எனக்கு அதுதான் பயமாக இருக்கும். அந்தப் பயத்தை யாரும் எழுதவில்லையே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாவலைச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்துப் போனில் கூப்பிட்டார்.

"நல்லா எழுதுறீங்கம்மா. ஆனா பேய் எல்லாம் பட்டப்பகல்ல வருதே? ராத்திரிக்கு மாத்திடுங்க. கொஞ்சம் பனி, ஒரு ஆந்தை."

"எங்க ஊர்ல பனி கிடையாது சார்."

"கதையில இருக்கலாமே."

"கதையும் எங்க ஊர்லதான் சார் நடக்கு."

அவர் சிரித்துவிட்டு, குடும்ப நாவல் எழுதினால் உடனே போடுவதாகச் சொன்னார். பெண்கள் எழுதுகிற குடும்ப நாவலுக்கு மார்க்கெட் உண்டு, ராஜாவும் பேயும் ஆண்கள் சரக்கு என்றார். நான் அடுத்த பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவரும் திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஒருவர் எடுத்துக்கொண்டார். ஆனால் முழுப்பெயர் போடாமல் இரண்டு இனிஷியலும் ஊர்ப்பெயரும் மட்டும் போட்டார். வாசகர்கள் என்னை ஆண் என்றே நினைத்தார்கள். ஒரு நாள் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்து, "சார் இருக்காங்களா?" என்று கேட்டார். வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டு, கதையில் வருகிற சுரங்கப்பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "சுரங்கம் பத்திக் கேக்கணும்னா உள்ள போங்க. அவ அடுப்படில இருக்கா" என்றார். வந்தவர் எனக்குக் கும்பிடு போட மறந்து பழக்கூடையை மட்டும் நீட்டினார்.

அதற்கெல்லாம் நான் அசரவில்லை. வருஷத்துக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டே போனேன். பஸ் ஏறிப்போய்ப் பழைய ஜமீன் வீடுகளைப் பார்ப்பேன். இடிந்து கிடக்கிற சுவரில் கையை வைத்துச் சுண்ணாம்புச் சாந்து எவ்வளவு கனம் என்று பார்ப்பேன். வௌவால் எச்சத்தின் வாடை, மரத்தூணில் எறும்பு அரித்த தடம், படிக்கட்டு எத்தனை இருட்டு என்று எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு வருவேன். திருநெல்வேலி நூலகத்துக்குப் போய்ப் பாளையக்காரர் காலத்துப் புத்தகங்களைப் புரட்டுவேன். பேயை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், அது நிற்கிற தரை நிஜமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என்னை ஊரறியச் செய்த நாவல் ஒரு பஸ் பயணத்தில்தான் கிடைத்தது. ராயகிரி வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரை அன்றும் எழுதவில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. குளத்தங்கரையில் புளியந்தோப்பு, அதற்குப் பின்னால் பழைய ஜமீன் வீட்டின் மாடி, அந்தப் பக்கம் சொல்கிற மாதிரி மச்சு, மட்டும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரி மடியில் இருந்த பிச்சிப்பூவைத் தொடுத்துக்கொண்டே, "அந்த மச்சுல உச்சி நேரத்துல இடிக்கிற சத்தம் கேக்குமாம்க்கா. பழைய ராணி ஒருத்தி தலையைச் சுவத்துல முட்டுதாளாம்" என்றாள். அவளும் கேட்டதில்லை, அவள் அம்மா சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தேன். ஜமீன்தாரின் இளைய மனைவி. புருஷன் செத்ததும் மச்சு அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். கதவில் மோதி மோதிச் செத்துப்போகிறாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் உச்சி வேளையில் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்குத் தாகம் எடுக்கும், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடங்காது. ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது, பிறகு புத்தகமாக வந்தது. நாலைந்து பதிப்பு போனது. அந்த முறை பதிப்பாளர் என் பெயரை முழுசாகவே போட்டார்.

அதற்கடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காட்டன் சேலை உடுத்திய ஒரு அம்மாள் வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், என் வயதுதான். தறிச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கையில் என் புத்தகம் இருந்தது. கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவை எடுத்தேன். அவர் பேனாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் மெயினை அணைத்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்குக்கூடத் தறியை நிறுத்தாத மனுஷர் அவர்.

அமைதியானதும் அந்த அம்மாள் சொன்னார்: "நீங்க எழுதின வீடு எங்க வீடு. நான் அந்த வீட்டு மருமக."

கணக்கு டீச்சர் அவர். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் வேலை. புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். மாமியாரும் போன பிறகு அந்தப் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். நான் ஊர்ப்பெயரை மாற்றியிருந்தேன்தான். ஆனால் குளத்தையும் தோப்பையும் மலையின் வடிவத்தையும் மாற்றவில்லை. யாரோ ஒரு பையன் அதைக் கண்டுபிடித்து, 'தாகம் எடுக்க வைக்கும் ராணியின் மச்சு' என்று யூடியூபில் படம் போட்டுவிட்டான். அதிலிருந்து வெள்ளி, செவ்வாய் மதியம் ஆனால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மதில் ஏறிக் குதிக்கிறார்கள். இரண்டு பெண்கள் வாசலில் சொம்புத் தண்ணீர் வைத்துச் சூடம் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நான் இன்னைக்கே பதிப்பகத்துக்குச் சொல்லுதேன் டீச்சர். வீடு கற்பனைன்னு பத்திரிகையில எழுதியே போடுதேன்" என்றேன்.

"அதைச் செய்யுங்க. ஆனா நான் அதுக்கு மட்டும் வரல." புத்தகத்தைத் திறந்தார். பாதிப் பக்கங்களில் பென்சில் கோடு. விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஓரத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கே தொண்டை வறண்டுச்சு. ஆனா எங்க வீட்டு மச்சுல யாரும் சாகல. ஒருத்தங்க இருந்தாங்க. கிழவியாகிற வரைக்கும் இருந்தாங்க. எங்க மாமியார் கல்யாணமாகி வந்தப்ப, அவங்கதான் தலை பின்னி விட்டாங்களாம். நீங்க அவங்களைக் கொன்னுட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிற குரல்.

"அப்ப இடிக்கிற சத்தம்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வாங்க. காட்டுதேன்."

அடுத்த வாரமே போனேன். வீட்டில் பாதி விழுந்துவிட்டது. மிச்சம் நிற்கிற பகுதியில் மச்சுக்கு ஒரு மரப்படி ஏறுகிறது. ஏறினதும் நான் முதலில் பார்த்தது கதவை. என் நாவலில் அந்தக் கதவுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தேன். இரும்புப் பட்டை, வெளிப்பூட்டு, நாதாங்கி. இங்கே வெளிப்பக்கம் எதுவுமே இல்லை. பூட்டு தொங்கிய தழும்புகூட இல்லை.

"எங்க பூட்டினாங்க?" என்றேன்.

"யாரு பூட்டினா? பூட்டே கிடையாது" என்றார் டீச்சர். "புருஷன் போனதும் மேல போய் இருன்னு சொன்னாங்க. அவ்வளவுதான். பதினாறோ பதினேழோ வயசு. இறங்கி எங்க போவாங்க?"

நான் கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ விதமான பூட்டுகளை எழுதியிருக்கிறேன். பூட்டே இல்லாத இந்தக் கதவைப் பார்த்துத்தான் எனக்கு முதுகில் சில்லிட்டது.

அறைக்குள் சுவரின் உச்சியில் காற்றுக்காக நாலு துளைகள். கையளவுதான் இருக்கும், ஆள் உயரத்துக்கு மேலே. மேற்குச் சுவரில் மட்டும் ஒரு ஜன்னல். அது மற்ற ஜன்னல்கள் மாதிரி இல்லை. தரையிலிருந்து ரொம்பத் தாழ்வாக, ஒரு பக்கம் கோணலாக இருந்தது. மரச்சட்டம் பிற்பாடு வைத்தது என்று பார்த்தாலே தெரியும்.

டீச்சர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். இந்த அறைக்கு ஜன்னலே கிடையாதாம். அந்தப் பெண் ஒரு ஜன்னல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள். விதவை தெருவில் போகிறவன் கண்ணில் படக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். நெல் குத்துகிற உலக்கை ஒன்று மேலே கிடந்திருக்கிறது. முனையில் இரும்புப் பூண் போட்ட உலக்கை. மதியம் வீடே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், அதை எடுத்து மேற்குச் சுவரை இடிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் கூரை சரிந்து இறங்குகிறது, நின்றால் கை ஓங்க முடியாது, அதனால் உட்கார்ந்தபடி இடித்தாள். ஜன்னல் தாழ்வாக இருப்பது அதனால்தான். விழுகிற சுண்ணாம்புக் காரையை மடியில் அள்ளி மூலையில் குவித்து, மேலே பாயை விரித்து மூடிவைப்பாள்.

"கீழ இருக்கிறவங்களுக்குக் கேக்காதா?"

"கேக்கும். வேலைக்காரங்க பயந்துட்டாங்க. உச்சி நேரத்துல சத்தம் வந்தா வேற என்ன நினைப்பாங்க? ஊருக்குள்ள பேய்னு பரவிட்டு. அந்த நேரத்துல யாரும் மேல ஏறி எட்டிப் பாக்கல. இடிச்சவங்களுக்கு அது வசதியாப் போச்சு."

கடைசியில் பேயோட்ட ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மேற்குப் பக்கம் களத்தில் நின்று உடுக்கை அடித்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே, மச்சுச் சுவரிலிருந்து ஒரு பெரிய காரைக்கட்டி பெயர்ந்து அவர் முன்னால் விழுந்தது. கோடாங்கி உடுக்கையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். வீட்டு ஆட்கள் மேலே பார்த்தால், ஓட்டையில் முகமெல்லாம் சுண்ணாம்பாக ஒரு தலை. அந்தத் தலை மலைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னதாம்: "மழை இறங்கிட்டு வருது. களத்துல நெல்லு கிடக்குல்லா, அள்ளுங்க."

"அள்ளினாங்களா?" என்று கேட்டேன்.

"அள்ளாம? மழை வந்துட்டுல்லா" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு அந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கோடாங்கி ஓடியது ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது, தொட்டால் என்ன ஆகுமோ என்று பயம். தச்சரைக் கூப்பிட்டுச் சட்டம் வைத்தார்கள். அவள் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த ஜன்னலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். மழை வருவதை முதலில் சொல்வது அவள்தான் என்று ஆகிவிட்டது. பிறகு எப்போதோ ஒரு மழைக்காலத்தில் அவளாகவே படி இறங்கி வந்து சமையல்கட்டில் உட்கார்ந்தாளாம். யாரும் மேலே போகச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நிலைகொள்ளவில்லை. இது என் கதையை விடப் பெரிய கதை. இதில் பேயே இல்லை. பேய் இல்லாமல் எழுத எனக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்பது மட்டும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் முடிவாகிவிட்டது.

மறுநாளே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் வேறொரு யோசனையில் இருந்தார். யூடியூப் படத்தால் புத்தகத்துக்குக் கிராக்கி கூடியிருந்தது. அடுத்த பதிப்பின் அட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று சிவப்புப் பட்டை போடப் போவதாகச் சொன்னார்.

"போடாதீங்க சார். அது உண்மை இல்ல. அங்கன ஒரு அம்மா தனியா இருக்காங்க, கண்ட ஆளுகளும் மதில் ஏறிக் குதிக்காங்க. இனிமே அடிக்கிற பதிப்பில இது முழுக்கக் கற்பனைன்னு முதல் பக்கத்துல போடணும்."

"கற்பனைன்னு போட்டா யாரு வாங்குவா?"

"அப்படிப் போடலன்னா அடிக்காண்டாம் சார்."

சரி, பார்ப்போம் என்றார். அப்புறம் நான் புது நாவலைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ராணி சாகல, பேயும் இல்ல, கடைசியில மழை வருது. அப்படித்தானே? உங்க பேருக்கு இது போகாதும்மா. ஜன்னலை உடைச்சதும் அவ கீழ விழுந்து செத்துட்டதா வச்சுக்கலாமா?"

"இன்னொரு தடவை அவங்களைக் கொல்ல மாட்டேன் சார்" என்றேன். அன்றோடு எங்கள் தொடர்பு முடிந்தது. முதல் பக்க அறிவிப்போடு ஒரு பதிப்பு மட்டும் போட்டார். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதை விட்டுவிட்டார். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. நூல் விலை ஏறித் தறியும் சரியாக ஓடாத சமயம் அது. ஆனாலும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ எழுது. தறியை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

முதல் பிரதியை எழுதி முடித்து டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரொம்பப் பாவமா இருக்காங்க" என்றார்.

"பாவந்தானே?"

"அவங்க பாவம் இல்ல. கோவக்காரின்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. தலை பின்னும்போது ஆடினா சீப்பாலேயே மண்டையில போடுவாங்களாம். நீங்க அழ வச்சுக்கிட்டே இருக்கீங்க."

அவர் சொன்னது சரிதான். பேயாக்குவதற்கு ஒரு பெண்ணை அழவைத்துப் பழகிய கை எனக்கு. அதை மாற்றுவது லேசாக இல்லை. முக்கியமாக, சுவர் இடிக்கிற அத்தியாயம் வரவே இல்லை. அவள் கை என்ன பாடுபட்டிருக்கும், எப்படிப் பாதியில் விடாமல் இருந்தாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த பழைய சுவரை எடுக்க ஏற்பாடாகியிருந்தது. சுண்ணாம்புச் சாந்து வைத்த அந்தக் காலத்துச் சுவர். எதிர் வீட்டில் சடங்குக்கு மட்டும் எடுக்கிற உலக்கை ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் தறிக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏட்டி, நாளைக்கு கொத்தனார் வாராரு. நீ எதுக்கு இடிக்கே?"

"எனக்கு ஒரு அத்தியாயம் வேணும்."

அவர் நின்று பார்த்துவிட்டு, ஒரு துண்டை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "மூக்கைக் கட்டிக்கோ."

முதல் அடியில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உலக்கை திரும்பி வந்து என் தோளைத்தான் உலுக்கியது. ஒரே இடத்தில் அடித்தால் பிரயோசனம் இல்லை, சாந்து ஓடுகிற கோட்டைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே ரொம்ப நேரமாயிற்று. கை கொப்பளித்தது. தூசி துணியையும் தாண்டித் தொண்டையில் இறங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பாதியில் எனக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. இந்தச் சுவர் மேல், எனக்குக் குடும்ப நாவல் எழுதச் சொன்னவர் மேல், ஜன்னல் வேண்டாம் என்று சொன்ன, நான் பார்த்தே இராத அந்த வீட்டு மனுஷர்கள் மேல். ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தர் கிடைத்தார். கடைசியில் ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்து, பின்கட்டு வெளிச்சம் ஒரு சாண் அளவுக்கு உள்ளே வந்தது. அந்த ஓட்டையில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற பின்கட்டுதான். எழுந்து போகவே மனம் வரவில்லை.

கொப்பளம் ஆறுவதற்குள் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். பேனா பிடிக்க வலித்தது. அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, தேவையில்லாத வரி ஒன்றுகூட எழுதவில்லை. பிறகு முழு நாவலையும் முதலிலிருந்து திருப்பி எழுதினேன். டீச்சர் மறுபடி பென்சிலோடு உட்கார்ந்தார். இந்த முறை பெருக்கல் குறிகள் குறைவு. களத்து நெல் இடத்தில் மட்டும், "நீங்க எழுதின மாசத்துல அறுப்பு கிடையாது" என்று எழுதியிருந்தார். மாற்றினேன்.

பதிப்பிக்க ஆள் கிடைக்க நாளானது. பெரிய இடங்களில் எல்லாம் பேய் எங்கே என்று கேட்டார்கள். அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு டீச்சரின் கொழுந்தனார் கோயம்புத்தூரிலிருந்து எனக்குப் போன் போட்டு, குடும்ப விஷயத்தை எழுதக் கூடாது என்றார். நான் டீச்சரிடம், "உங்களுக்கு இடைஞ்சல்னா நிறுத்திக்கிடுதேன்" என்றேன்.

"என்னத்துக்கு நிறுத்தணும்? சொன்னது நான். அவர் கேட்டா என்னைக் கேக்கட்டும்" என்றார். அவர் கேட்டிருக்கிறார். டீச்சர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. கொழுந்தனார் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

கடைசியில் மதுரையில் கணவனும் மனைவியுமாக நடத்துகிற ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அட்டையில் மண்டை ஓடு, வெள்ளைச் சேலை எதுவும் இல்லை. கோணலான ஒரு ஜன்னல் மட்டும். என் பழைய புத்தகம் போன வேகத்தில் இது போகவில்லை. பழைய வாசகர்கள் சிலர் ஏமாந்துபோய், உங்கள் கை தளர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் மெள்ள மெள்ளக் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் பதிப்பு வந்தபோது டீச்சர் எனக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் தறியில் நெய்கிற மாதிரிச் சேலைதான். என் வீட்டுக்காரர் ஓரத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்ச் சரக்கு. கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே டீச்சர்" என்றார்.

மதில் ஏறிக் குதிக்கிற கூட்டம் முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. வருகிறவர்களை டீச்சர் இப்போது துரத்துவதில்லை. வாசல் வழியாக வரச் சொல்லி மச்சுக்குக் கூட்டிப்போய், கதவில் பூட்டு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறாராம். தேடிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்களாம்.

புத்தகம் வந்த பிறகு நிறையப் பெண்கள் போன் செய்தார்கள். தங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பார்கள். பேய் என்று சொல்லியிருந்தார்கள், சாமி பிடித்தவள் என்று சொல்லியிருந்தார்கள், இப்போது யோசித்தால் அப்படி இல்லை போலிருக்கிறது என்பார்கள். அதில் ஒருத்தி மேலநீலிதநல்லூர் பக்கத்து ஊர்க்காரி. அவள் சொன்ன வீட்டில், கிணற்றடியில் ஒரு பெண் குரல் பாடுவதாகப் பேச்சு. அந்தக் கிணற்றை வெட்ட வைத்ததே ஒரு பெண்தான் என்றாள்.

அதற்குள் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் போனோம். அந்த வீட்டின் சொந்தக்காரர் வயதானவர், வாசலிலேயே கையை விரித்து நின்றார்.

"இங்கன ஒண்ணும் கிடையாது. போங்க."

"கிணறு மட்டும் பாத்துட்டுப் போறோம் அண்ணாச்சி."

"கிணத்துல தண்ணியே இல்ல."

அன்று திரும்பி வந்துவிட்டோம். அடுத்த வாரம் போனோம். வீடு பூட்டியிருந்தது, உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. வேப்பமர நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்கடுத்த வாரம் போனபோது அவர் கதவைத் திறந்து, எங்களையும் எங்கள் தூக்குச்சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விட மாட்டீங்க போல."

"மாட்டோம் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். "செருப்பை அங்கன விட்டுட்டு வாங்க. கிணறு பின்னால இருக்கு."